சுகாதாரப் பாடம்: கண்ணாற் காணாத நோயாளிக்குக் காதாற் கேட்டுப் பணி செய்யும் தாதியர்

வைத்தியசாலை பதினைந்து மைல் தொலைவில் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறுகிறது. இந்நேரத்தில் ஒரு கமக்காரக் குடும்பத்தின் முன் எழும் கேள்வி ஒன்றுதான்: இப்போதே புறப்படுவதா, விடியும்வரை பொறுப்பதா?

தேவையின்றிப் புறப்பட்டால் முச்சக்கர வண்டிக் கூலியும் மறுநாட் கூலி வேலையும் போகும். தேவையிருந்தும் பொறுத்திருந்தால் உயிரே போகலாம். சொந்த ஊரில் இருந்தபோது இக்கேள்விக்கு விடை சொல்ல அயலில் ஒரு மூதாட்டி இருந்தார்; தெரிந்த மருத்துவிச்சி இருந்தார்; எந்த நேரத்திலும் கதவைத் தட்டக்கூடிய ஒரு வைத்தியர் இருந்தார். இடம்பெயர்ந்து புதிய இடத்தில் வாழும் குடும்பங்களுக்கு இந்த ஆட்கள் இல்லை. எனவே இக்கேள்வி அவர்களுக்கு மேலும் பாரமானதாகிறது.

இதே கேள்விக்கு விடை சொல்வதற்கென்றே சில நாடுகளில் தாதியர் இரவு பகலாகத் தொலைபேசியின் அருகே அமர்த்தப்பட்டுள்ளனர். அவர்கள் எவ்வாறு பணி செய்கின்றனர், அவர்களிடமிருந்து நாம் எதனைக் கற்கலாம் என்பதை இப்பாடத்தில் நோக்குவோம்.

1. இம்முறை வளர்ந்த விதம்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமை பெற்றது 1876 ஆம் ஆண்டில் ஆகும். மூன்று ஆண்டுகளின் பின், 1879 இல், இங்கிலாந்தின் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் ஒரு செய்தி வெளிவந்தது. நள்ளிரவில் ஒரு குடும்பத்தினர் தம் குழந்தையின் இருமலைக் கண்டு பயந்து வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்தனர். குழந்தையைத் தொலைபேசியின் அருகே தூக்கிப் பிடிக்கும்படி வைத்தியர் கேட்டார். இருமலின் ஒலியைக் கேட்டு, இது அவர்கள் அஞ்சிய தொண்டை நோய் அன்று என அறிவித்தார். தொலைபேசி வழி மருத்துவத்தின் முதற் பாடம் இச்சிறு செய்தியிலேயே அடங்கியுள்ளது. வைத்தியரால் வர முடியவில்லை. ஆயினும் வீட்டில் உள்ளவரின் கைகளைக் கொண்டு தமக்குத் தேவையானதைக் கேட்டறிந்தார்.

அவுஸ்திரேலியாவின் உட்பகுதியில் பண்ணைக் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று பல மைல் தூரத்தில் வாழ்கின்றன. அங்கு ஜோன் பிளின் என்ற கிறிஸ்தவப் போதகரின் முயற்சியால் 1928 இல் பறக்கும் வைத்தியர் சேவை தொடங்கியது. அடுத்த ஆண்டில் காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் வானொலிக் கருவி பண்ணைகளுக்கு வந்தது. பின்னர் 1942 முதல் இலக்கமிட்ட மருந்துகள் கொண்ட ஒரு பெட்டி பண்ணைகளுக்குக் கொடுக்கப்பட்டது. எழுத்து வாசனை குறைந்தவரும் மருந்தைச் சரியாக எடுக்க இது உதவியது. 1951 இல் ஒரு தாதியின் யோசனைப்படி மனித உடலின் படம் ஒன்று வரையப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் இலக்கம் இடப்பட்டது. 'வயிற்றுக்குள் நோகிறது' என்று பொதுவாகச் சொல்வதற்குப் பதிலாக, நோகும் இடத்தின் இலக்கத்தைப் பண்ணைப் பெண் சொன்னார். மறுமுனையில் இருந்தவர் அதே படத்தில் அந்த இலக்கத்தைப் பார்த்தார்.

தாதியர் தாமே பொறுப்பேற்று நடத்தும் பெரிய சேவைகள் 1990 களில் வந்தன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1995 இலும், இங்கிலாந்தில் 1998 இலும், நியூசிலாந்தில் 2000 ஆம் ஆண்டிலும் இவை தொடங்கின. தமிழர் பலர் வாழும் ஒன்றாரியோ மாகாணத்தில் 2001 இல் இவ்வாறான சேவை ஏற்பட்டது; இன்று அங்கு 811 என்ற இலக்கத்தை அழைத்தால் பதிவுபெற்ற தாதியுடன் பேசலாம். சுவீடனில் 1177 என்ற இலக்கம் இதற்குரியது. வெளிநாட்டில் உங்கள் உறவினர் இருப்பின், அவர்களும் இவ்வாறான ஒரு தாதியுடன் ஏதோ ஓர் இரவில் பேசியிருக்கக்கூடும்.

2. தாதி செய்வது என்ன?

தொலைபேசியில் தாதி நோயின் பெயரைக் கண்டுபிடிக்கிறார் என்றே பலர் எண்ணுவர். அவருடைய முதல் வேலை அதுவன்று. எவ்வளவு அவசரம் என்பதைத் தீர்மானிப்பதே அவர் வேலை. அவர் முன்னால் நான்கு வழிகள் உள்ளன.

(அ) உடனே நோயாளர் காவு வண்டியை அழையுங்கள்.
(ஆ) சில மணி நேரத்துக்குள் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.
(இ) நாளையோ மறுநாளோ வைத்தியரிடம் காட்டுங்கள்.
(ஈ) வீட்டிலேயே பராமரியுங்கள். எப்படி என்று சொல்கிறேன்.

இந்த நான்கில் எது என்று அறிய அவர் கேள்விகளை ஒழுங்குமுறையாகக் கேட்கிறார். முதலில் உயிராபத்துப் பற்றிய கேள்விகள் வரும். மூச்சு விடுகிறாரா? கூப்பிட்டால் விழித்துப் பதில் சொல்கிறாரா? இரத்தம் நில்லாமல் ஓடுகிறதா? இவற்றில் ஒன்றுக்கேனும் விடை பாதகமாக இருப்பின் மற்றக் கேள்விகளுக்கு இடமில்லை. (அ) என்பதே முடிவு. அவ்வாறில்லையெனில் வயது, நோய் தொடங்கிய நேரம், கூடுகிறதா குறைகிறதா, வேறு நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், பெண்ணாயின் கர்ப்பமா என்பன தொடர்ந்து வரும்.

இக்கேள்விகள் தாதியின் மனம்போன போக்கில் எழுபவை அல்ல. ஒவ்வொரு நோய்க்குறிக்கும் எழுதப்பட்ட வழிகாட்டி உண்டு. அமெரிக்காவின் டென்வர் நகரக் குழந்தை வைத்தியரான பார்ட்டன் சிமித் 1980 இல் குழந்தைகளுக்கான தொலைபேசி ஆலோசனை வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டார். இன்று இத்தகைய வழிகாட்டிகள் கணினித் திரையில் தாதியின் முன் உள்ளன. எந்தக் கேள்வியும் விடுபடாமல் வழிகாட்டி பார்த்துக்கொள்கிறது. விடை சொல்பவரின் குரல் நடுங்குவதையும், பின்னால் குழந்தை முனகுவதையும் கேட்டுப் பொருள் கொள்வது தாதியின் அனுபவம்.

3. ஓர் உதாரண உரையாடல்

முறையை விளங்கிக்கொள்வதற்காக, இவ்வாறான ஓர் உரையாடலை நமது பேச்சு வழக்கில் அமைத்துப் பார்ப்போம்.

தாய்: மிஸ், பிள்ளைக்கு நேற்றிலிருந்து வயிற்றால போகுது. எனக்குப் பயமாய் இருக்கு.

தாதி: சரி அம்மா, நான் கேக்கிறதுக்கு ஒவ்வொன்றாய்ச் சொல்லுங்கோ. பிள்ளைக்கு எத்தனை மாதம்?

தாய்: பதினாலு மாதம்.

தாதி: இப்ப முழிச்சிருக்கிறாரா? கூப்பிட்டால் உங்களைப் பார்க்கிறாரா?

தாய்: பார்க்கிறான். அழுதுகொண்டிருக்கிறான்.

தாதி: அழேக்க கண்ணீர் வருகுதா? பார்த்துச் சொல்லுங்கோ.

தாய்: கொஞ்சம் இருங்கோ... ஓம், வருகுது.

தாதி: கடைசியாய் எப்ப சலம் போனவர்?

தாய்: இப்ப கொஞ்சம் முன்னம்தான்.

தாதி: தண்ணி குடுத்தால் குடிக்கிறாரா? சத்தி எடுக்கிறாரா?

தாய்: குடிக்கிறான். விடியக் காலமை ஒருக்கா மட்டும் சத்தி எடுத்தவன்.

தாதி: வயிற்றால போறதில இரத்தம் இருக்கா? உடம்பு சுடுகுதா?

தாய்: இரத்தம் இல்லை. சுடேல்லை.

தாதி: வயிற்றுத் தோலை இரண்டு விரலால மெல்லக் கிள்ளி விடுங்கோ. உடன பழையபடி வருகுதா, மெல்ல மெல்ல வருகுதா?

தாய்: உடன வருகுது மிஸ்.

இதுவரை தாதி பிள்ளையைத் தொடவில்லை, கண்டதுமில்லை. ஆயினும் உடலில் நீர் வற்றியுள்ளதா என்பதற்குரிய முக்கியமான அடையாளங்களைத் தாயின் கண்ணாலும் விரலாலும் சோதித்துவிட்டார். இப்போது அவர், ஜீவனியைப் பக்கற்றில் எழுதியுள்ள அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்து, வயிற்றால் போகும் ஒவ்வொரு தடவைக்கும் பின்னர் கரண்டியாற் சிறிது சிறிதாகக் கொடுக்கும்படியும், தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்த வேண்டாம் என்றும், காலையில் சிகிச்சை நிலையத்திற் காட்டும்படியும் கூறுவார்.

அத்துடன் உரையாடல் முடியாது. 'பிள்ளை குடிக்க மறுத்தால், சோர்ந்து எழுப்ப முடியாமற் போனால், கண் குழி விழுந்தால், ஆறு மணி நேரமாகச் சலம் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால், விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கோ' என்று சொல்லி, அதனைத் தாயைத் திருப்பிச் சொல்லும்படியும் கேட்பார். இக்கடைசிப் பகுதியே மிக முக்கியமானது. இப்போதுள்ள நிலை ஒரு மணி நேரத்தில் மாறலாம். மாறினால் எதைப் பார்க்க வேண்டும் என்பது தாயின் கையில் இருக்க வேண்டும்.

4. இது பாதுகாப்பானதா?

இங்கிலாந்தின் வில்ற்சயர் பகுதியில் இதனை முறையாகச் சோதித்து, முடிவுகளை 1998 இல் வெளியிட்டனர். ஓராண்டு காலம், வைத்தியரின் வேலை நேரம் முடிந்தபின் வந்த 14,492 அழைப்புகள் ஆராயப்பட்டன. சில நாட்களில் வழக்கம்போல வைத்தியருக்கே அழைப்புச் சென்றது. மற்ற நாட்களில் பயிற்சி பெற்ற தாதி முதலிற் பேசினார். தாதியர் பேசிய நாட்களில் ஏறத்தாழப் பாதி அழைப்புகளை, அதாவது 49.8 வீதமானவற்றை, வைத்தியரிடம் அனுப்பாமல் அவர்களே முடித்துவைத்தனர். அதனால் மரணங்கள் அதிகரிக்கவில்லை.

ஆயினும் ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நியாயமன்று. இங்கிலாந்தில் 42 வைத்திய நிலையங்களில் நடந்த மற்றொரு பெரிய ஆய்வு 2014 இல் வெளியாயிற்று. அதே நாளில் வைத்தியரைக் காண வேண்டும் என்று அழைத்தவர்களுடன் முதலில் வைத்தியரோ தாதியோ தொலைபேசியிற் பேசினர். பாதுகாப்பிற் குறைவு காணப்படவில்லை. ஆனால் தொலைபேசியிற் பேசியவர்களுட் பலர் பின்னர் நேரிலும் வந்தமையால், மொத்த வேலை குறையவில்லை. செலவும் ஏறத்தாழ முன்போலவே இருந்தது. தொலைபேசிச் சேவை வைத்தியசாலைக்கு மாற்றீடு அன்று என்பது இதனாற் புலனாகிறது. வைத்தியசாலை இல்லாத இடத்தில் தொலைபேசி இருந்து பயனில்லை; 'உடனே போங்கள்' என்று தாதி சொல்லும்போது போவதற்கு ஓர் இடமும் வழியும் இருக்க வேண்டும்.

5. குறைபாடுகள்

முதலாவது, செலவைக் குறைக்கும் ஆசை. இங்கிலாந்தில் 1998 இல் தாதியரைக் கொண்டு தொடங்கிய 'என்.எச்.எஸ். டிரெக்ட்' சேவை 2014 இல் மூடப்பட்டது. அதன் இடத்தில் வந்த 111 சேவையில் முதலில் தொலைபேசியை எடுப்பவர் தாதியல்லாத, பயிற்சி பெற்ற ஊழியர். அவர் கணினி காட்டும் கேள்விகளைக் கேட்டு, தேவைப்படின் தாதியிடமோ வைத்தியரிடமோ இணைப்பார். வழிகாட்டியை எவரும் வாசிக்கலாம். அதில் எழுதப்படாததைக் கேட்டு உணர்வதற்கு நோயாளிகளோடு பழகிய காது வேண்டும்.

இரண்டாவது, மொழி. வலியையும் பயத்தையும் மனிதன் தாய்மொழியிலேயே சரியாகச் சொல்கிறான். இங்கிலாந்தில் ஆங்கிலம் பேசாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதே தொலைபேசி இணைப்பிற் சேர்க்கப்பட்டார். பிள்ளையைக் கொண்டு தாயின் நோயை மொழிபெயர்க்கச் செய்வது நல்லதன்று. தாய் சொல்லக் கூச்சப்படுவதைப் பிள்ளை அறியாமலே விட்டுவிடும்.

மூன்றாவது, இரகசியம். சுவீடனில் 1177 சேவைக்கு வந்த ஏறத்தாழ 27 இலட்சம் அழைப்புகளின் ஒலிப்பதிவுகள், பாதுகாப்பின்றி எவரும் கேட்கக்கூடிய நிலையில் கணினியில் இருந்தமை 2019 இல் வெளிவந்தது. நம்மிடையேயும், பத்துப்பேர் நிற்கும் கடை வாசலில் நின்று ஒரு பெண்ணின் நோயை உரத்துப் பேசுவது அவரை அவமானப்படுத்துவதாகும்.

நான்காவது, வேறொருவர் பேசுவது. நோயாளி ஓர் அறையிற் கிடக்க, முற்றத்தில் நிற்கும் மாமன் தொலைபேசியில் விபரம் சொன்னால், தாதிக்குக் கிடைப்பது மாமனின் ஊகமே. நோயாளியின் அருகில் இருப்பவரே பேச வேண்டும். முடிந்தால் நோயாளியே பேச வேண்டும். ஒரு வசனத்தை முடிக்க அவருக்கு மூச்சு வாய்க்கிறதா என்பதே தாதிக்கு ஒரு சோதனை.

6. நமக்கு உரியவை

நம் நாட்டில் 1990 என்ற இலக்கத்திலுள்ள சுவசெரிய சேவையை வாசகர் பலர் அறிவீர்கள். இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 இல் வட மாகாணத்துக்கும், பின்னர் நாட்டின் ஏனைய பகுதிகளுக்கும் இது விரிந்தது. இது ஆலோசனை கேட்பதற்கான தாதியர் சேவை அன்று. அவசர நோயாளியை ஏற்றிச் செல்லும் இலவச அம்புலன்ஸ் சேவை. ஆயினும் அங்கும் மறுமுனையில் இருப்பவர் உங்களைக் காணமாட்டார். பிரதேசத்துக்குரிய குடும்பநல உத்தியோகத்தரைக் கைத்தொலைபேசியில் அழைக்கும்போதும் இதே நிலைதான். ஆகவே கீழ்க்காணும் ஆயத்தங்கள் எல்லா அழைப்புக்கும் பொருந்தும்.

(1) இடத்தைச் சொல்லப் பழகுங்கள். புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஒழுங்கையின் பெயர்கூடத் தெரியாதிருக்கும். கிராம உத்தியோகத்தர் பிரிவு, பிரதான வீதி, அருகிலுள்ள பாடசாலை, கோயில், பாலம் அல்லது குளக்கட்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்குங்கள். இரவில் ஒருவர் ரோர்ச் விளக்குடன் சந்தியில் நிற்கட்டும்.

(2) நோயாளியின் விபரம் கைவசம் இருக்கட்டும். பிள்ளையின் பிறந்த திகதி, நிறை, சுகாதாரப் பதிவேடு, கிளினிக் கொப்பி, உட்கொள்ளும் மருந்து உறைகள் ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். இடம்பெயரும்போது முதலில் எடுக்க வேண்டிய பைகளுள் இதுவும் ஒன்று.

(3) அளந்து சொல்லுங்கள். 'நிறையச் சத்தி' என்பதைவிட 'காலையிலிருந்து ஐந்து தரம்' என்பது பயனுள்ளது. 'மூச்சு வாங்குகிறது' என்பதைவிட எண்ணிக்கை பயனுள்ளது. பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையை உயர்த்தி, மணிக்கூட்டைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் நெஞ்சின் அசைவை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருப்பின் அது விரைவான மூச்சு. இது உலக சுகாதார நிறுவனத்தின் அளவாகும். இப்பிள்ளையைத் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

(4) ஆலோசனை கேட்டு நேரம் போக்கக்கூடாத வேளைகளை அறிந்திருங்கள். பாம்புக் கடி, பூச்சிமருந்து உட்கொண்டமை, வலிப்பு, நெஞ்சு நோவுடன் வியர்வை, முகம் ஒரு பக்கம் கோணிக் கை விழுதல் அல்லது பேச்சுக் குழறுதல், கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு ஆகிய வேளைகளில் உடனே 1990 ஐ அழையுங்கள், அல்லது கிடைக்கும் வாகனத்திற் புறப்படுங்கள். பாம்பு கடித்த இடத்தைக் கீற வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம், பாம்பைப் பிடிக்கவும் முயல வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்துக் கொண்டுசெல்லுங்கள். பூச்சிமருந்தாயின் போத்தலையோ அதன் லேபலையோ உடன் எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால், கொழும்புத் தேசிய வைத்தியசாலையின் நச்சுத் தகவல் நிலையத்தைத் தொடர்புகொண்டு வைத்தியர்கள் உரிய சிகிச்சையைக் கேட்டறிய இலகுவாகும்.

(5) கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். மருந்தின் அளவு, நேரம், எந்த அடையாளம் கண்டால் புறப்பட வேண்டும் என்பவற்றை எழுதி, வாசித்துக் காட்டியபின் தொலைபேசியை வையுங்கள்.

7. கூட்டத்திற் செய்து பார்க்க

மாதர் சங்கக் கூட்டத்தில் அல்லது கமக்காரர் குழுவில் பின்வருமாறு செய்யலாம். இருவர் ஒருவருக்கொருவர் முதுகு காட்டி அமரட்டும். ஒருவர் தாதி, மற்றவர் வீட்டுக்காரர். வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு தாளில் நோயாளியின் நிலையை எழுதிக் கொடுங்கள். தாதியாக இருப்பவர் கேள்விகள் மட்டும் கேட்டு, மேலே கூறிய நான்கு வழிகளுள் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். பின்னர் தாளை எல்லோருக்கும் வாசித்து, எந்தக் கேள்வி கேட்கப்படவில்லை, எந்த விடை தெளிவில்லாமல் இருந்தது என ஆராயுங்கள். குடும்பநல உத்தியோகத்தரையும் அழைத்தால் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்:

(அ) இன்றிரவு உங்கள் வீட்டுக்கு அம்புலன்ஸ் வர வேண்டுமாயின், வழியை எத்தனை வசனங்களிற் சொல்வீர்கள்? சொல்லிக் காட்டுங்கள்.

(ஆ) உங்கள் குடியிருப்பில் தொலைபேசி இல்லாத வீடுகள் எவை? அவர்களுக்காக அழைக்கும் பொறுப்பை எந்த வீடு ஏற்கும்?

(இ) இரவில் வாகனம் தரக்கூடியவர் யார்? அவருடைய இலக்கம் எத்தனை வீடுகளில் எழுதப்பட்டுள்ளது?

(ஈ) வயோதிபர் தனித்து வாழும் வீடுகளில், அவர்களுக்குப் பதிலாகப் பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்?

இவற்றுக்குரிய விடைகளை ஒரு மட்டையில் எழுதிச் சங்கக் கட்டிடத்தில் தொங்கவிடுங்கள். புதிதாக ஒரு குடும்பம் வந்து சேரும்போது அதனை முதல் வாரத்திலேயே அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.